கேட்பதற்கு எந்தக் கை

தெரிந்தவர்கள் சோத்தாங்கையைத் தூக்க வேண்டும். தெரியாதவர்கள் பீச்சாங்கையைத் தூக்க வேண்டும். கையைக் கீழே வைத்துக்கொண்டு மட்டும் யாரும் உட்காரக் கூடாது. வகுப்புக்குள் வெளியாள் யாராவது வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் இதுதான் சட்டம். பின்னால் இருந்து பார்க்கிறவருக்குக் கூரை வரைக்கும் கைகள்தான் தெரியும். எது வலது, எது இடது என்று எந்த அதிகாரி எண்ணிப் பார்க்கப் போகிறார்? முன்னால் நிற்கிற டீச்சர் வலது கைகளில் ஒன்றாகப் பார்த்துப் பெயரைச் சொன்னால் போதும், பதில் மணி மணியாக வந்து விழும்.

இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, தெரியாது. பாண்டிச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு மேல் இந்த வித்தை தெரியும். ஆனால் ஒருத்தரிடம் ஒருத்தர் வாயைத் திறந்து பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆரோக்கியசெல்விக்கு இது வந்து சேர்ந்தது பாடத்திட்டம் மாறிய வருஷத்தில். அதுவரை நாலாம் வகுப்புக்குத் தமிழில் கணக்கும் அறிவியலும் நடத்திக்கொண்டிருந்தவளிடம் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எல்லாம் இனிமேல் இங்கிலீஷில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷைப் படித்தால் புரியும், எழுதினால் பிழை குறைவாக வரும், நாலு பேர் முன்னால் பேசு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் ஆய்வுக்கு முந்தைய நாள் அவள் அழுகிற நிலையில் நின்றதைப் பார்த்துத்தான் தலைமையாசிரியர் சாமிநாதன் இந்தக் கை வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். "ஒண்ணும் பயப்படாதம்மா, நாங்கல்லாம் இப்படித்தான் ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார். அவளும் ஓட்டினாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

வினை போன ஆகஸ்டில் வந்தது. புது ஆய்வாளர் சுகன்யா மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார். இருபத்து மூன்று பிள்ளைகள், இருபத்து மூன்று கைகள். மேடம் அசந்துபோனார். வகுப்பு முடிந்ததும் ஆரோக்கியசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்த ஸ்கூல்லயே இப்படி ஒரு கிளாஸ் பார்த்ததில்ல டீச்சர். அத்தனை பிள்ளைங்களும் கை தூக்குது!" என்றார். நல்ல மனுஷி. குறை கண்டுபிடிக்க வராமல் நிறை தேடி வருகிற அதிகாரி. அப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

அந்த வருஷம் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போக வேண்டியவர்கள் பட்டியலில் ஆரோக்கியசெல்வியின் பெயர் இருந்தது. பாண்டிச்சேரியில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை வருகிற சுற்றுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் அவள் புருஷன் இன்னாசிமுத்து படுத்திருந்தார். பாகூர் லைனில் பதினெட்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டிய மனிதர், பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் பாதி குழறல். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு தெரு. மதியம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வேட்டி மாற்றி, குழையப் பிசைந்த சோற்றை ஊட்டிவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவாள். காரைக்காலுக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே போனால் இந்த மனிதரை யார் புரட்டிப் போடுவார்கள்? அவளுக்குப் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்களும் கிட்டத்தில் இல்லை.

இதை மேடத்திடம் சொன்னபோது மேடத்தின் கண்கள் கலங்கின. "உங்களை இங்கேயே வெச்சுக்கச் சொல்லி நான் எழுதறேன் டீச்சர். ஆனா எழுதறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும். ஒண்ணு பண்ணுங்க, பாகூர் ஸ்கூல்ல ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்க. கொம்யூன்ல இருக்கற நாலாம் கிளாஸ் டீச்சர் எல்லாரையும் கூப்பிடறேன். இந்த டீச்சர் இந்தக் கொம்யூனுக்குத் தேவைன்னு அப்புறம் நான் தைரியமா எழுதலாம்" என்றார். தலைப்பையும் அவரே கொடுத்தார். ப்ரோனவுனும் அதன் வகைகளும். பிள்ளைகள் அவளுடைய பிள்ளைகள் இல்லை, பாகூர்ப் பள்ளிப் பிள்ளைகள்.

அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? எலிப்பொறிக்குள் மசால் வடையைப் பார்த்துவிட்டுத்தானே எலி உள்ளே போகிறது. உள்ளே போய்விட்ட பிறகு வடையை ருசிக்க எந்த எலிக்குத்தான் மனசு வரும்.

மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் அவள் இன்னாசிமுத்துவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ப்ரோனவுன் படித்தாள். செல்போனில் தமிழில் இலக்கணம் நடத்துகிற வீடியோக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பெயருக்குப் பதிலாக வருவது ப்ரோனவுன். ஆளைக் குறிப்பது ஒரு வகை, சொந்தம் கொண்டாடுவது ஒரு வகை, சுட்டிக் காட்டுவது ஒரு வகை, கேள்வி கேட்பது ஒரு வகை. செய்தவன் மேலேயே செய்கை திரும்பி விழுந்தால் அது ஒரு வகை, ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப். ஆள் யாரென்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக யாரோ, எவரோ என்றால் அதற்கும் ஒரு பெயர் இருந்தது. அட்டையில் கலர் கலராக எழுதி, கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள்.

"இதுல சுட்டிக் காட்டறது எதுங்க?" என்று அவரையே பிள்ளையாக வைத்துக் கேட்டாள். இன்னாசிமுத்து இடது கையைத் தூக்கினார். தூக்க வருவது அந்த ஒரு கைதான். "உங்களுக்கு எதுவுமே தெரியாது, போங்க" என்று அவள் சிரித்தாள். அவரும் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார்.

ஆனால் படிக்கப் படிக்க அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. விஷயம் புரிந்தது. உண்மையாகவே புரிந்தது, பிடித்தும் இருந்தது. அவன், அவர் என்று மரியாதை பார்த்துப் பார்த்து நாம் பேசுகிற இடத்தில் இங்கிலீஷ்காரன் எல்லாருக்கும் ஒரே ஹீயைப் போட்டு முடித்துவிடுகிறான், இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் எப்படிச் சிரிக்கும் என்று நினைத்தாள். உடனே உறைத்தது. இரண்டு வருஷமாக அவள் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றையும் சொல்லவில்லை. பதிலை மட்டும் ஆறு பேரை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, மற்ற பதினேழு பேருக்குக் கை தூக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"மேடத்தாண்ட சொல்லிடு" என்றார் இன்னாசிமுத்து ஒருநாள். குழறினாலும் அவளுக்குப் புரியும்.

"இன்னான்னு சொல்றது? நான் ஊரை ஏமாத்தினேன்னா?"

"ஆமா."

"சொல்லிட்டுக் காரைக்காலுக்குப் போயிடறேன். நீங்க இங்க எழுந்து நின்னு கஞ்சி காய்ச்சிக் குடிங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் அட்டைகளை மட்டும் கூடுதலாக எழுதினாள்.

மாதிரி வகுப்பு நாளில் பாகூர்ப் பள்ளியின் பெரிய அறையில் பின்னால் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் முப்பது பிள்ளைகள், எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலைகள். அந்த வகுப்பின் வாத்தியார் பிரிட்டோ, கட்டையாக, சிரித்த முகமாக இருப்பார். "பிள்ளைங்களோட பழகிக்க அஞ்சு நிமிஷம் கொடுங்க சார்" என்று கேட்டாள். அவர் வாசலில் நின்றுகொண்டார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாருங்க கண்ணுங்களா, மிஸ் கேள்வி கேப்பேன். தெரிஞ்சவங்க..."

"சோத்தாங்கை!" என்று முப்பது பேரும் கத்தினார்கள். "தெரியாதவங்க பீச்சாங்கை!"

"எங்க சாரும் அப்படித்தான் மிஸ்" என்றது முன் வரிசையில் ஒரு பொடிசு. வாசலில் நின்ற பிரிட்டோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கூசவும் செய்தது. நாம் மட்டும் இல்லை என்பதில் ஒரு தெம்பு இருக்கிறதே, அது மட்டமான தெம்புதான், ஆனாலும் அந்த நேரத்துக்கு அவளுக்கு அது வேண்டியிருந்தது.

வகுப்பு ஆரம்பித்தது. நாற்பது டீச்சர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் சுகன்யா மேடம், கையில் செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு. ஆரோக்கியசெல்வி மனப்பாடம் செய்த இங்கிலீஷை ஒரு வரி கூட மாறாமல் சொன்னாள். நாக்கு ஒட்டவில்லை. பெயருக்குப் பதிலாக வருவது என்ன என்று கேட்டாள். முப்பது கைகள் எழுந்தன. வலது கை ஒன்றைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் வந்தது. ஷீ என்பது எந்த வகை, திஸ் எந்த வகை, ஹூ எந்த வகை. கேள்விக்கு ஒரு வலது கை, கைக்கு ஒரு பதில். மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ சொல்லிப் பூரித்துப்போனார். மற்ற டீச்சர்களின் கண்களை மட்டும் ஆரோக்கியசெல்வி பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா?

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் குழந்தை முதலிலிருந்தே அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. கடைசி அட்டையை மாட்டி, "ஹெர்செல்ஃப் எந்த வகை?" என்று கேட்டபோது அந்தக் குழந்தை வலது கையைத் தூக்கியது. சும்மா தூக்கவில்லை, பெஞ்சை விட்டுப் பாதி எழுந்து, விரல் நுனி வரைக்கும் விறைப்பாகத் தூக்கியது. இவ்வளவு ஆசையாகத் தூக்குகிற கையை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடுவது? பெயர் கேட்டாள். ஃபைஜா என்றது.

"சொல்லும்மா ஃபைஜா."

ஃபைஜா எழுந்து நின்றாள். அட்டையைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். "எனக்கு ஆன்சர் தெரியாது மிஸ்" என்றாள்.

"தெரியாட்டி பரவால்ல, உக்காரு" என்றாள் ஆரோக்கியசெல்வி அவசரமாக.

"இல்ல மிஸ், ஒண்ணு கேக்கணும். கேக்கறதுக்குத்தான் தூக்கினேன்." பிள்ளை பயப்படவில்லை. இதைச் சொன்னால் தப்பு என்பதே அதற்குத் தெரியவில்லை. "தெரிஞ்சா இந்தக் கை, தெரியாட்டி அந்தக் கைன்னு சொன்னீங்க. கேக்கறதுக்கு எந்தக் கைன்னு சொல்லவே இல்லியே மிஸ்?"

நாற்பது பேரும் மடியைப் பார்த்தார்கள். ஒரு டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினாள். பிரிட்டோவின் சிரித்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுகன்யா மேடம் செல்போனைத் தாழ்த்தினார்.

"என்ன சொல்றா அந்தப் பாப்பா? எந்தக் கையாம்?"

அந்த ஒரு நொடியில் ஆரோக்கியசெல்விக்கு இரண்டு வழியும் பளிச்சென்று தெரிந்தது. உண்மையைச் சொல்லலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் இந்த மேடத்தின் முகம் எப்படிச் சுருங்கும் என்று தெரிந்தது. பட்டியலில் தன் பெயர் தெரிந்தது. கட்டிலில் ஒரே பக்கமாகக் கிடந்து முதுகு புண்ணாகிப்போன இன்னாசிமுத்து தெரிந்தார். ஃபைஜா இன்னும் கை தூக்கியபடி, பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயந்துட்டா மேடம்" என்றாள் ஆரோக்கியசெல்வி. சிரிக்கக்கூடச் செய்தாள். "கொஞ்சம் ஸ்லோ லேர்னர். அதான் இன்னா கேக்கறோம்னு புரியாம ஏதோ சொல்றா."

"ஆமா மேடம், ஆமா" என்றார் பிரிட்டோ பின்னாலிருந்து. தன்னை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். "அந்தப் பொண்ணு எப்பவுமே அப்படித்தான்."

ஃபைஜா தன் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆரோக்கியசெல்வி அடுத்த வலது கையைக் கூப்பிட்டாள். ரிஃப்ளெக்சிவ் என்று பதில் வந்தது. வகுப்பு முடிந்ததும் நாற்பது பேரும் கை தட்டினார்கள். அவ்வளவு பலமாக அவர்கள் தட்டியதற்கு வேறு காரணம் உண்டு, அது அவர்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பத்தே நாளில் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. சாமிநாதன் லட்டு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். இன்னாசிமுத்துவிடம் சொன்னபோது அவர் அவளுடைய கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அழுகிற மனிதரிடம் எதற்கு என்று விட்டுவிட்டாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

மேடம் அனுப்பிய காகிதம் அந்த ஒன்றோடு நிற்கவில்லை. இன்னொன்றும் கூடவே வந்தது. மாதிரி வகுப்பில் ஒரு மெல்லக் கற்கும் மாணவியை டீச்சர் பக்குவமாகச் சமாளித்ததை நேரில் பார்த்ததாக மேடம் எழுதியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு மேல் பாகூர்ப் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டியது ஆரோக்கியசெல்வி. கீழே பட்டியல். பதினோரு பெயர்கள். ஒன்பதாவது, ஃபைஜா, தந்தை பெயர் முபாரக். பிரிட்டோ எழுதிக் கொடுத்த பட்டியல்தான். மேடம் கேட்ட பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டா எழுதுவார்?

முதல் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு தனக்கொடியிடம் இன்னாசிமுத்துவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் பதினோரு பேர், ஓடுகிற சத்தம் வருகிற பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள். நாற்காலியை எடுத்து அவர்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டாள்.

"இங்க யாரும் வந்து பாக்க மாட்டாங்க" என்றாள். "கையே தூக்க வேணாம். ஒக்காந்த எடத்துலருந்தே யாரு இன்னா வேணா கேக்கலாம். மிஸ் திட்ட மாட்டேன்."

ஒருத்தரும் கேட்கவில்லை. கரும்பலகையில் ஹீ, ஷீ, தே என்று எழுதினாள். வீட்டில் யோசித்து வைத்திருந்த அவன், அவர் கதையைச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபைஜா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்த கண்ணே இல்லை அது. அட்டையை விழுங்குகிற மாதிரி பார்த்த பிள்ளை, இப்போது நோட்டின் ஓரத்தைக் கிழித்து உருட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஃபைஜா, அன்னிக்கி மிஸ்ஸாண்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னியே. அது இன்னா?"

ஃபைஜா எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"ஒக்காந்தே சொல்லு. இன்னா கேக்க நெனச்ச?"

"மறந்துட்டேன் மிஸ்."

"யோசிச்சிப் பாரு. ஹெர்செல்ஃப் கார்டு மாட்டினேன், நீ கை தூக்கின..."

"தெரியல மிஸ். நான் ஸ்லோ இல்ல? அதான் மறந்துட்டேன்." குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ஊர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க சார் வூட்டுக்கு வந்து அப்பாவாண்டயும் சொல்லிட்டாரு."

"இல்லடா கண்ணு. அது... மிஸ் அன்னிக்கித் தப்பா சொல்லிட்டேன். நீ ஸ்லோ இல்ல."

ஃபைஜா அவள் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சை எந்தப் பிள்ளைக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியாது? "சரி மிஸ்" என்றாள், எல்லா வாத்தியார்களிடமும் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சரி மிஸ். "உக்காரட்டுமா?"

ஆரோக்கியசெல்வி தலையை ஆட்டினாள். எழுந்து கரும்பலகைக்குப் போனாள். எழுதுவதற்குத் திரும்பி நின்றபடி, காரைக்காலுக்கே போயிருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அதுவே முதல் தடவை. நினைத்த கையோடு கட்டிலில் படுத்திருக்கிற மனிதரின் முகம் வந்தது, அந்த நினைப்பையும் முழுதாக நினைக்க முடியவில்லை. இன்னும் முப்பது வெள்ளிக்கிழமை இருந்தது. அவள் சாக்பீஸை எடுத்து அடுத்த வகையை எழுத ஆரம்பித்தாள்.